இருபத்தேழு சுற்று

வால்வு வாங்கப் போகிறவன் விலையைப் பார்ப்பதற்கு முன் கைப்பிடியைப் பார்க்க வேண்டும், ஐயா. பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பொறியாளன் நான். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

தொட்டிக்குப் போகிற கொதிநீர்க் குழாயில் ஏன் பால் வால்வு போடாமல் கேட் வால்வு போட்டாய் என்று கேட்டீர்கள். பால் வால்வு என்றால் பந்து வால்வு, உள்ளே துளையிட்ட ஓர் உருண்டை இருக்கிறது. நீளக் கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் திறந்துகொள்ளும், அதே அளவு திருப்பினால் மூடிக்கொள்ளும். வசதிதான். ஆனால் யாராவது தள்ளுவண்டியைக் கொண்டுவந்து இடித்தாலும் திறந்துகொள்ளுமே. கேட் வால்வில் இருப்பது சக்கரம். அதைச் சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் தகடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். முழுதாகத் திறக்க இருபத்தேழு சுற்று, மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் எவனுக்கும் புத்தி வந்துவிடும். தவறென்றால் கை நின்றுவிடும். 'இதை யாரும் தெரியாமல் திறந்துவிட முடியாது' என்று கொள்முதல் கோப்பில் என் கைப்படவே எழுதியிருக்கிறேன்.

நான் பயந்த சுபாவக்காரன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போனவன் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பேன். இதற்காக என் மைத்துனன் எனக்கு வைத்த பட்டம் 'இழுத்துப்பார் மாமா'. "ஒருநாள் கதவே கையோட வந்துடப் போகுது மாமா" என்பான். என் மனைவிக்கு ஒரே தம்பி. அவனை இங்கே ஃபிட்டர் வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு வால்வையும் அழுத்தம் ஏற்றிச் சோதித்துப் பார்த்து, நான் கையெழுத்திட வேண்டும். அழுத்தம் ஏற ஏறக் கருவியின் முள் நடுங்குவதைப் பார்த்தாலே நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அதனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டுவந்தேன். ஆறு ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை. போன மாதம் ஒரு வால்வின் மூடி பிய்த்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற பாய்லர்காரருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது.

அலமாரியில் எதையோ தேடப்போன மைத்துனன் அந்தச் சோதனைக் கருவியைப் பார்த்திருக்கிறான். ஆறு ஆண்டுக்கு முன் புதிதாக வாங்கிய நாளில் சுற்றியிருந்த உறை அப்படியே இருந்தது. அன்றைக்கே வீட்டுக்கு வந்தான். அவன் அக்கா சமையலறையில் இருந்ததால் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

"நீங்களே போய்ச் சொல்லிடுங்க மாமா. நானும் கூட வர்றேன்."

"சொன்னா என்னைப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்கடா."

"அந்த மனுஷனுக்குக் கண்ணு போச்சு மாமா. திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நானே சொல்லிடுவேன்."

அவன் மிரட்டவில்லை, ஐயா. சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அதற்குப் பிறகு போன் மணி அடித்தால் போலீஸ்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலும் போலீஸ்தான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே பயம்.

சனிக்கிழமை காலை, அடியில் படிந்ததைச் சுரண்ட அவன் தொட்டிக்குள் இறங்கினான். ஆள் உள்ளே இருக்கும்போது வால்வுச் சக்கரத்தைச் சங்கிலியால் பூட்டி, சாவியை உள்ளே போகிறவனே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நான் சங்கிலியை எடுத்து நீட்டினேன். இதை நீங்கள் அவசியம் குறித்துக்கொள்ள வேண்டும். "இழுத்துப்பார் மாமாவே வெளியில நிக்கிறாரு, எனக்கு எதுக்குச் சங்கிலி?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டான்.

தெரியாமல் கை பட்டுத் திறந்திருக்குமோ என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் அப்படி நடக்கக் கூடாது என்றுதானே இந்த வால்வை வாங்கினேன்.

மூன்றாவது சுற்றிலேயே கொதிநீர் ஓடும் சத்தம் கேட்டது. ஆறாவதில் அவன் உள்ளிருந்து சுவரைத் தட்டினான். ஏறி வர முடியாது. ஏணி இருப்பது குழாயின் வாய்க்கு நேர்கீழே. ஒன்பதாவதில், "மாமா, தண்ணி வருது, மூடுங்க" என்றான். என்னைத்தான் கூப்பிட்டான், வேறு யாரையும் கூப்பிடவில்லை. பதினான்காவதில் என் கை வழுக்கியது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு உள்ளே சத்தமில்லை. மீதிப் பதின்மூன்றையும் சுற்றினேன். கேட் வால்வைப் பாதியில் விடக் கூடாது, தகடு தேய்ந்துபோகும். பிறகு இருபத்தேழையும் திருப்பிச் சுற்றி மூடினேன். சக்கரத்தை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் ஆட்களைக் கூவி அழைத்தேன்.

வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். தம்பியைப் பறிகொடுத்த துக்கத்திலும் எனக்கு மாற்றுச் சட்டை கொண்டுவந்திருக்கிறாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், ஐயா. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லும்போது மறக்காமல் இதையும் சொல்லுங்கள்: பயத்தில் செய்துவிட்டேன், யோசிக்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை.