திரும்பிப் பார்க்காதவள்

ஒஸ்லோவில், குரோருட் பக்கம் போகும் சுரங்க ரயில். முழங்காலில் ஐஸ் பை கட்டிய ஒருத்தி கம்பியைப் பிடித்து நின்றாள். தங்கை கேட்டாள்:

"அக்கா, உங்கடை ஆஸ்திரேலியப் புட்போலிலை ஆர் உண்மையான தைரியசாலி?"

"இடிக்கிறவள் இல்லையடி. பின்னாலை ஆர் பாய்ஞ்சு வாறாள் எண்டு திரும்பிப் பாக்காமல், மேலை வாற பந்தை மட்டும் பாத்து ஓடுறவள்."

"நீ பாக்கிறேல்லையோ?"

"ஒருநாளும் இல்லை. அதுதான் முழங்கால் இப்பிடி."

"அப்ப ஏன் நிக்கிறாய்? அந்த மனுசனுக்குப் பக்கத்திலை இடம் கிடக்கு."

"விசரே? ஒஸ்லோவிலை தெரியாத ஆளுக்குப் பக்கத்திலை ஆரும் போய் இருப்பினமோ? எனக்குப் பயம்."

அந்தத் தெரியாத ஆள் நான்தான். குரோருட் வரும்வரை, மேலே வரும் பந்தைப் பார்ப்பதுபோல, என் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.