சாம்பல் முகமூடியும் குளியலறைக் குழாயும்

பெயர்: வை. மஹாதேவன். தந்தை பெயர்: காலஞ்சென்ற வைத்தீஸ்வரன். வயது: 53. தொழில்: மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் முதுநிலை மேலாளர். இருப்பிடம்: டாக்குரியா, கொல்கத்தா.

மேற்படி நான் 04.07.2025 வெள்ளிக்கிழமை மாலை இக்காவல் நிலையத்தில் துணை ஆய்வாளர் திருமதி சுபர்ணா பௌமிக் அவர்கள் முன்னிலையில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் கைப்பட எழுதிக் கொடுப்பது. எனக்கு வங்காளம் பேச வரும், எழுத வராது. புகாருக்குக் காரணமான வாசகங்கள் தமிழில் உள்ளதால் தமிழிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்ப்பை எனக்குக் காட்டிய பிறகே கோப்பில் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார்.

நான் பதினான்கு ஆண்டுகளாக இணையத்தில் ஒரு மல்யுத்தக் கழகம் நடத்தி வருகிறேன். இதில் யாரும் யாரையும் தொடுவதில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு மல்லரைக் கற்பனையாக உருவாக்கிக்கொண்டு, அந்த மல்லரின் வாயால் எதிராளிக்குச் சவால் உரை எழுதுவார். இரண்டு உரைகளுக்கும் மூன்று நடுவர்கள் மதிப்பெண் இடுவார்கள். அதிக மதிப்பெண் பெற்றவர் வென்றதாக வைத்து, சண்டை எப்படி நடந்தது என்பதை நான் எழுதி வெளியிடுவேன். சண்டை எந்த மைதானத்தில் நடக்கிறது என்று துணை ஆய்வாளர் முதல் நாள் கேட்டபோது, எங்கும் நடப்பதில்லை என்றேன். அதை அவர் அப்படியே குறித்துக்கொண்டார்.

புகார்தாரர் ஜெய்ராம், வயது 46, பவானிபூரில் வரி ஆலோசகராக உள்ளவர், இக்கழகத்தைத் தொடங்கியபோது என்னுடன் இருந்தவர். 2019இல் இறுதிப் போட்டிக்கு முதல் நாள் பதினோரு உறுப்பினர்களை அழைத்துக்கொண்டு வெளியேறி வேறொரு கழகம் தொடங்கினார். அது எட்டு மாதம் நடந்தது. அதன் பிறகு ஒரு பொங்கல் விழாவில், என் அலுவலக மேலதிகாரி அருகில் இருக்கும்போதே, "இவர்தான் பொம்மைச் சண்டை மஹாதேவன்" என்று என்னை அறிமுகப்படுத்தினார். அந்த ஆண்டும் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் இங்கே சொல்லவில்லை. இந்த ஆண்டு ஜனவரியில் அவர் திரும்பி வர விண்ணப்பித்தார். விதிப்படி மறுக்க இடமில்லாததால் சேர்த்துக்கொண்டேன். அவருடைய மல்லர் பெயர் பட்டாளம் பரமன்.

பிப்ரவரி மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஜெய்ராமின் மனைவி கல்பனா, வயது 43. அவர் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில், படித்தது வங்காளப் பள்ளியில். தமிழ் எழுத்தைத் திருமணத்துக்குப் பிறகு தானே கற்றுக்கொண்டவர். தனக்கு ஒரு முகமூடி வேண்டும் என்று கேட்டிருந்தார். எங்கள் வழக்கப்படி முகமூடி அணிந்த மல்லரை எழுதுபவர் யார் என்பது அமைப்பாளரான எனக்கு மட்டுமே தெரியும். அவர் தோற்றால் முகமூடி கழற்றப்பட்டு, உண்மைப் பெயர் கழகப் பக்கத்தில் வெளியாகும். தோற்காதவரை அமைப்பாளர் யாரிடமும் சொல்லக்கூடாது. எழுதுபவர் தானாகவே வெளிப்படுத்திக்கொண்டால் போட்டியிலிருந்து விலக வேண்டும். நான் ஒரு மாதிரி உரை கேட்டேன். மறுநாள் வந்தது. பதினான்கு ஆண்டில் நான் ஒரே மூச்சில் படித்து முடித்தவை மிகச் சில, அதில் இது ஒன்று. அவரைச் சாம்பல் முகமூடி என்ற பெயரில் பதிவு செய்தேன்.

அதன் பிறகு ஏப்ரலில் பதினாறு பேருடன் ஆண்டுப் போட்டி தொடங்கியது. சீட்டு எடுத்து அட்டவணை போட்டது நடுவர்கள், நான் அல்ல. சாம்பல் முகமூடி இரண்டு சுற்று வென்றது, பட்டாளம் பரமனும் வென்றார், இருவரும் அரையிறுதியில் எதிரெதிரே வந்தார்கள். சாம்பல் முகமூடியின் உரையில் கீழ்க்கண்ட வாசகம் இருந்தது:

"சவால் விடுவதற்கு முன்னால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழியும்வரை கண்ணாடி முன் நின்று கத்திப் பார்க்கிற வீரனே, உன் வீரத்தால் கார்ப்பரேஷன் தண்ணீர்தான் வீணாகிறது."

எங்கள் ஏழாவது விதி, எதிராளியின் வீட்டையும் சொந்த வாழ்க்கையையும் உரையில் தொடக்கூடாது என்கிறது. வெளியிடும் முன் ஒவ்வோர் உரையையும் படித்து, விதி மீறல் இருந்தால் நீக்குவது என் பொறுப்பு. இந்த வரியை இரண்டு முறை படித்தேன். அது கற்பனை இல்லை என்பது எனக்குப் புரிந்தது. நீக்காமல் வெளியிட்டேன். ஏன் என்று துணை ஆய்வாளர் கேட்டார். எனக்குப் பிடித்திருந்தது என்று பதில் சொன்னேன். இந்த விவகாரத்தில் நான் செய்த தவறு இது ஒன்றுதான், இதை மறைக்கவில்லை.

29.06.2025 அன்று முடிவு வெளியானது. சாம்பல் முகமூடி 81, பட்டாளம் பரமன் 68. ஜூலை முதல் தேதி ஜெய்ராம் இந்நிலையத்துக்கு வந்து, முன்விரோதம் காரணமாக நான் அவர் வீட்டுக் குளியலறையில் ரகசியக் கேமரா வைத்திருப்பதாகப் புகார் கொடுத்தார். மறுநாள் காலை இரண்டு காவலர்கள் என் வீட்டுக்கு வந்து என் மடிக்கணினியையும் கைப்பேசியையும் எடுத்துச் சென்றார்கள். மாடிப்படியில் எதிர் வீட்டுக்காரர் நின்று பார்த்தார். என் மனைவி வசந்தி அவரை வங்காள முறையில் அண்ணனாக்கி, "ஒண்ணும் இல்ல தாதா, கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்றார். போலீசே ரிப்பேருக்கு எடுத்துப்போகும் கம்ப்யூட்டரை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

அன்று மதியம் என்னிடம் விசாரணை நடந்தது. அந்த வரியை எழுதியவர் யார் என்று துணை ஆய்வாளர் மூன்று முறை கேட்டார். சொல்ல இயலாது என்று மூன்று முறையும் சொன்னேன். சொல்லாவிட்டால் கைது செய்ய நேரலாம் என்றார். கைதானால் என் நிறுவனத்தில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் ஜெய்ராமின் முகம் எப்படி மாறும் என்பதையும் எண்ணிப் பார்த்தேன், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாம்பல் முகமூடி தோற்கவில்லை. தோற்காதவரின் முகமூடியைக் கழற்ற எனக்கு உரிமை இல்லை.

மூன்றாம் தேதி காலை கல்பனா என் மனைவியின் எண்ணுக்கு அழைத்தார். "அண்ணா, அரெஸ்ட் பண்ணிடுவாளா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்போ சொல்லிடுங்கோ." முடியாது என்றேன். "நான் ஃபைனல் ஜெயிச்சு, கோப்பையோட, நானே கழட்டணும்னு நினைச்சிண்டிருந்தேன்" என்றார். இறுதிப் போட்டி ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீநாத் என்ற உறுப்பினருடன். நான் ஏதும் யோசனை சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு என்னையும் ஜெய்ராமையும் நேருக்கு நேர் விசாரிக்க அழைத்திருந்தார்கள். நான் வந்தபோது ஜெய்ராம் உட்கார்ந்திருந்தார். கல்பனா அவருடன் வந்திருந்தார். விசாரணை தொடங்கியதும் கல்பனா எழுந்து, அந்த உரையை எழுதியது தான்தான் என்று துணை ஆய்வாளரிடம் வங்காளத்தில் சொன்னார். ஜெய்ராம் சிரித்தார்.

"இவளா? மளிகைச் சிட்டையே பெங்காலிலதான் எழுதுவா. இவளுக்கு ஏது தமிழ்? மஹாதேவன், நீங்களே எழுதிட்டு இவ பேரைச் சொல்லச் சொன்னேளா?"

துணை ஆய்வாளர் அவரிடம், வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு பேர் என்றார். குழாய் விஷயம் வெளியே போனதும் இரண்டாவது ஆள்மேல் சந்தேகம் வராமல் கேமராமேல் எப்படி வந்தது என்று கேட்டார். அதற்கு ஜெய்ராம், "அவளுக்கு எழுத வராது மேடம்" என்பதையே மறுபடி சொன்னார்.

அதன் பேரில் துணை ஆய்வாளர் கல்பனாவிடம் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, இங்கேயே எழுதிக் காட்டும்படி சொன்னார். கல்பனா மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்ததை உரக்கப் படித்து வங்காளத்தில் பொருள் சொல்லும்படி என்னைப் பணித்தார்கள். அத்தாள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. நான் படித்தது:

"பரமா, நீ சவால் எழுத உட்காரும் ஒவ்வொரு நாளும் உன் கைக்குப் பக்கத்தில் டீயை வைத்தவள் நான். ஒரு நாள்கூட நீ தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. உன் எதிரே வர எனக்கு முகமூடியே தேவையில்லை. இதே முகத்தோடு வந்திருந்தாலும் யாரென்று உனக்குத் தெரிந்திருக்காது. அடுத்த முறை குழாயை மூடிவிட்டுக் கத்து. உள்ளே வந்து கேட்க ஓர் ஆள் இருக்கிறாள்."

நான் முதலில் தமிழில் படித்தேன், பிறகு வங்காளத்தில் சொன்னேன். பக்கத்து மேசையில் இருந்த நிலைய எழுத்தர் தட்டச்சை நிறுத்திவிட்டார். ஜெய்ராம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், பிறகு எடுத்து அணிந்துகொண்டார். கேமரா வைத்ததாக இன்னும் சொல்கிறீர்களா என்று துணை ஆய்வாளர் கேட்டார். அதற்கு அவர் என்னைப் பார்த்து, "அப்போ ரூல்படி இவ அவுட். வெளியில சொல்லிட்டா இல்லையா?" என்றார்.

எழுதியவர் கல்பனாதான் என்று புகார்தாரர் ஏற்றுக்கொண்டதாக இதைப் பதிவு செய்யலாமா என்று துணை ஆய்வாளர் கேட்டார். செய்யலாம் என்று நான் சொன்னேன். ஜெய்ராம் மறுக்கவில்லை.

கல்பனா என்னிடம், "ஞாயித்துக்கிழமை நான் எழுதலாமா கூடாதா, அதைச் சொல்லுங்கோ அண்ணா" என்றார். ஜெயிலுக்குப் போவது நானா இல்லையா என்பது தீர்ந்த அறையில் அப்போது எல்லாரும் இதற்குத்தான் காத்திருந்தார்கள், துணை ஆய்வாளர் உட்பட.

அமைப்பாளர் என்ற முறையில் நான் அங்கேயே சொன்ன முடிவு வருமாறு. தானாக முகமூடி கழற்றுவது என்றால் கழகப் பக்கத்தில் அறிவிப்பது. காவல் நிலையம் கழகப் பக்கம் அல்ல. மேலும் அவர் கழற்றியது போட்டியில் லாபம் பார்க்க அல்ல, என்னைக் கைதிலிருந்து காப்பாற்ற. ஆகவே விலக்கு இல்லை. ஆனால் ஏழாவது விதியை மீறியதற்குப் பத்து மதிப்பெண் குறைக்கப்படும். அப்போது 71. பட்டாளம் பரமன் 68. முடிவு மாறவில்லை. அந்த வரியை வெளியிட்ட குற்றத்துக்காக இறுதிப் போட்டியின் சண்டையை நான் எழுத மாட்டேன், நடுவர்களில் ஒருவர் எழுதுவார். பதினான்கு ஆண்டில் நான் எழுதாத முதல் இறுதிப் போட்டி இதுவாக இருக்கும்.

ஜெய்ராம் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்தார். தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

அதன் பிறகு புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுக்கும்படி துணை ஆய்வாளர் அவரிடம் தாள் கொடுத்தார். எந்தக் காரணத்தால் திரும்பப் பெறுகிறார் என்பதையும் எழுத வேண்டும் என்றார். ஜெய்ராம் தேதியை எழுதினார், "மதிப்பிற்குரிய" என்று எழுதினார், அதற்கு மேல் பேனா நகரவில்லை. பத்து நிமிடம் கழித்துத் தாளைத் தன் மனைவி பக்கம் தள்ளி, "நீயே எழுதேன்" என்றார்.

"எழுதறேன். கையெழுத்து மட்டும் நீங்க போடுங்கோ" என்றார் கல்பனா. அடித்தல் திருத்தல் இல்லாமல் அரைப் பக்கம் எழுதினார். ஜெய்ராம் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தார். அதன் பிறகு கையெழுத்துப் போட்டார்.

என் மடிக்கணினியும் கைப்பேசியும் பழுதின்றி என்னிடம் ஒப்படைக்கப்பட்டன. ஜெய்ராம்மேல் எனக்குள்ள வருத்தம் 2019இல் இருந்தபடியே இருக்கிறது. அதைப் பற்றி இங்கே யாரும் விசாரிக்கவில்லை. மற்றபடி இதில் எழுதியவை எல்லாம் நான் கண்டதும் கேட்டதும் செய்ததுமே. கூட்டியது இல்லை, விட்டது இல்லை. ஒருமுறை முழுவதும் படித்துப் பார்த்து, சரி என்று கண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வை. மஹாதேவன்
04.07.2025, மாலை 6.40