மருதாயி ஓடை

நம்ம பக்கம் ரயிலு வராத காலம் அது. அரியலூருக்கு மேக்கால, சுண்ணாம்புக்கல் காட்டுல, ஓடைமேடுன்னு ஒரு ஊரு. அங்க கொளஞ்சின்னு ஒரு பொம்பள இருந்தா. வாந்திபேதி வந்த வருஷம் புருஷனும் போனான், ஏழு வயசுப் பொண்ணு மருதாயியும் போனா. அன்னையிலேருந்து ஒத்தையா ஆடு மேய்ச்சா, ஒத்தையா ஆக்கித் தின்னா. மனசு நோவுமேன்னு அவ முன்னால பொண்ணு பேரை ஒருத்தரும் எடுக்கிறதில்ல. அதுதான் அவளுக்குப் பெரிய நோவாம்.

ஒரு ஐப்பசி மழை ஓடைக்கரையை அறுத்துக்கிட்டுப் போச்சு. கொளஞ்சி போய்ப் பாத்தா, ஆளு ஒசரத்துக்கு ஒரு எலும்பு! கல்லாச் சமைஞ்ச எலும்பு. ராட்சசன் எலும்புன்னு ஊரே பயந்துச்சு. காளவாய்க்காரங்க மட்டும், ஒடச்சுச் சுண்ணாம்பு சுட்டுடலாம்னு கடப்பாரையோட வந்தாங்க. கொளஞ்சி அது மேல போய் உக்காந்துட்டா.

"எதுவோ ஒத்தையாக் கெடந்து செத்திருக்கு. அதை நெருப்புல வேற போடணுமா? முதல்ல என்னைப் போடுங்க!"

திரும்பிப் போயிட்டாங்களாம்.

பொறவு, இந்த மாதிரி எலும்பு தேடி ஒரு வெள்ளைக்காரத் தொரை வந்தாரு. கூட ஒரு தமிழ்க் குமாஸ்தா. தொரை தொட்டுத் தொட்டுப் பாத்தாரு, என்னமோ சொன்னாரு.

"இந்தப் பிராணி இப்ப ஒலகத்துலயே இல்லையாம், அம்மா," ன்னாரு குமாஸ்தா. "சீமைக்குக் கொண்டுபோய்ப் புதுசாப் பேரு வைக்கணுமாம். காப்பாத்துனவ நீ, நீயே ஒரு பேரு சொல்லுங்கிறாரு."

கொளஞ்சி குனிஞ்சு அந்த எலும்பைத் தடவிக் கொடுத்தா. அப்புறம் மெதுவா, "மருதாயி" ன்னா.

"மரு... தாயி," ன்னு தொரை திருப்பிச் சொன்னாராம். எத்தனையோ வருஷம் கழிச்சு அடுத்தவங்க வாயில அந்தப் பேரைக் கேட்டா. எலும்பை வண்டியில ஏத்த விட்டுட்டா.

ரெண்டு வருஷம் போச்சு. குமாஸ்தா மறுபடி வந்தாருன்னு கேட்டு ஓடினா. "பேரு வச்சாங்களா சாமி?"

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "வச்சாங்கம்மா. சீமையில பண்டிதருங்க கூடி, அங்கவுள்ள ஒரு பிரபு பேரை வச்சுட்டாங்க."

அவ அழுவலியாம். நேரா ஓடைக்குப் போனா. எலும்பு கெடந்த குழியில நின்னு, தொண்டை கிழிய "மருதாயீ!" ன்னு கூப்பிட்டா. மறுநாளும் கூப்பிட்டா. தெனமும் கூப்பிட்டா. கிறுக்கின்னாங்க. சாகுற மட்டும் விடல.

அவளைப் பொதைச்ச மறுநாள் ஓடை சத்தமில்லாமக் கெடந்துச்சு. ஊருக்குத் தாங்கல. யாரோ ஒருத்தர் கரையில நின்னு கூப்பிட்டாங்க: "மருதாயீ!"

அதுலேருந்துதான் அது மருதாயி ஓடை. இன்னைக்கும் அதைத் தாண்டுறவங்க ஒரு தடவை அந்தப் பேரைக் கூப்பிடுவாங்க. பதிலு வராது. வராதுன்னு தெரியும். ஆனாலும் கொஞ்சம் நின்னு கேட்டுட்டுத்தான் போவாங்க.