கரண்டி என்று தேடினேன்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, சித்தூரில் பாதிப் பேரின் கையெழுத்தைத் திருத்திய ஞானம்மாள் டீச்சர் அவர்களே, முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் மூத்த தாய்மார்களே, பிச்சாட்டூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த பெண்கள் சங்கத்துச் சகோதரிகளே, மூன்றாம் வரிசையில் அமர்ந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி தபீதாள் அவர்களே, கடைசி வரிசையில் கதவோரம் அமர்ந்திருக்கும் எங்கள் பக்கத்து வீட்டு ரத்னம்மா அவர்களே, உங்கள் அனைவருக்கும் அச்சகத்து அசரியாவின் அடக்கமான வணக்கம்.

அச்சு! அச்சின்றி ஏடு ஏது? ஏடின்றி எழுத்து ஏது? எழுத்தின்றி நாம் ஏது? 'நல்ல அச்சு' என்ற தலைப்பில் பேச அழைத்தீர்கள். மூன்று நாள் கண்விழித்துக் குறிப்பு எழுதினேன். ஆனால் மேடை ஏறியதிலிருந்து எனக்கு ஒன்று புரியவில்லை, தாய்மார்களே. இந்த மேசைமீது ஏன் மைதா மாவு இருக்கிறது? ஏன் சப்பாத்திக் கட்டை இருக்கிறது? பவுடர் டப்பா மூடி, எவர்சில்வர் டம்ளர், நட்சத்திரம் போல வளைத்த தகரம், இவற்றுக்கும் ஈய எழுத்துக்கும் என்ன உறவு? சிரிக்கிறீர்கள். சிரிப்புக்கும் காரணம் தெரியவில்லை.

தலைவர் அவர்கள் காதோடு சொல்கிறார்கள், அச்சு என்றால் பிஸ்கோத்து வெட்டும் அச்சாம். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு வீட்டில் எந்த அச்சு வாங்கலாம், எந்த அச்சு மாவில் ஒட்டாது என்று பேச வேண்டுமாம். அப்படியானால் என்னை ஏன் அழைத்தீர்கள்? ஓ. அழைக்கவில்லையா?

மன்னிக்க வேண்டும், இப்போது நினைவுக்கு வருகிறது. நோட்டீஸ் அச்சடிக்க டீச்சர் அனுப்பிய தாளில் 'திருமதி அசரியா பேசுவார்' என்றுதான் இருந்தது. டீச்சர் கைதவறி எழுதிவிட்டார்கள் என்று எண்ணி, பிழை திருத்தும் பெருமையில், 'மதி'யை நானே எடுத்துவிட்டேன். ஆம், அம்மா, என் மதியைத்தான். பேச வேண்டியவர் தபீதாள். நோட்டீஸைப் பார்த்தபோதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், அங்கிருந்தே பதில் வருகிறது: "சொன்னா கேக்கறவரா நீங்க? பேசிக்கினு இருங்க, எதுவரைக்கும் போறீங்கன்னு பாக்கறேன்."

இறங்கிவிடலாம். ஆனால் எழுதிய குறிப்பு கையில் இருக்கிறது, இறங்க மனம் வரவில்லை. அதோடு எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. இந்த மண்டபத்தில் மூன்றாம் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே பத்து பெஞ்சு இருக்கிறது. ஒரே சுவரைப் பங்கிட்டு வாழ்ந்த இரண்டு பெண்கள், ஒரே உலையில் இரு வீட்டுக்கும் கஞ்சி வைத்த இரண்டு பெண்கள், ஓராண்டாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன்? ஒரு கரண்டிக்காக. போன வருடத் தீபாவளிக்குக் கஜ்ஜிக்காய், அதாவது சோமாசி, செய்ய எங்கள் வீட்டுச் சோமாசிக் கரண்டியை ரத்னம்மா வாங்கிப் போனார்கள். "மறுநாளே உங்க ஜன்னல்ல வெச்சிட்டேன்" என்கிறார்கள். "வெச்சிருந்தா எங்க போவும், எறும்பா தூக்கினு போச்சு" என்கிறார் தபீதாள். திருட்டு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. வராத அந்தச் சொல்தான் நடுவே சுவராக நிற்கிறது.

நானும் தேடினேன், தாய்மார்களே. அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் தேடினேன், அரிசிப் பானைக்குள் தேடினேன். குழம்புக் கரண்டி கிடைத்தது, சாம்பார்க் கரண்டி கிடைத்தது, சோமாசிக் கரண்டி மட்டும் கிடைக்கவில்லை. "நீங்க பாத்தீங்களா?" என்று தபீதாள் கேட்டபோது, வேதத்தின்மேல் கைவைத்துப் பார்க்கவில்லை என்றேன். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் என் மனைவி ரத்னம்மாவைச் சந்தேகித்தார்.

அது போகட்டும். என் தலைப்புக்கு வருகிறேன். நல்ல அச்சுக்குக் கருவி முக்கியமா, கருத்து முக்கியமா? கருத்தே முக்கியம் என்பதற்கு என் வாழ்விலிருந்து ஒரு சான்று. போன வருடம் கங்காதர நெல்லூர் டூரிங் டாக்கீஸுக்கு டிக்கெட் அடிக்கக் கொடுத்தார்கள். கையால் கிழித்தால் பாதியாகக் கிழியும்படி நடுவில் துளைக்கோடு வேண்டும். அதற்கான இயந்திரம் வேலூரில்தான் உண்டு. அசரியா அஞ்சினானா? அயர்ந்தானா? எங்கள் வீட்டு ஜன்னலில் ஒரு பித்தளைச் சாமான் கேட்பாரற்றுக் கிடந்தது. கைப்பிடி, நுனியில் பல் வைத்த சின்னச் சக்கரம். எடுத்துப் போய்க் காகிதத்தில் அழுத்தி உருட்டினேன். ஆகா, கோடு கோடாகத் துளை. அன்று முதல் இன்றுவரை அது என் மேசையில்தான் இருக்கிறது. உங்களுக்குக் காட்டவே சட்டைப் பையில் கொண்டுவந்தேன். இதோ.



ஏன் அம்மா, ஏன் எல்லோரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்கிறீர்கள்? பிச்சாட்டூர் லோயிஸ் அம்மா, என்ன சொன்னீர்கள்? "அய்யா, அதுதான் சோமாசிக் கரண்டி." இதுவா? கரண்டி என்றால் அள்ள வேண்டாமா? குழி இருக்க வேண்டாமா? இதில் ஒரு சொட்டு ரசம் நிற்காதே. சக்கரத்துக்குக் கரண்டி என்று பெயர் வைத்தது யார்? நான் கரண்டியைத் தேடினேன், கரண்டியைத்தானே தேடினேன்...

பொறுங்கள். இதை மாவில் வைத்து என்ன செய்வீர்கள் என்று யாராவது சொல்லுங்கள். முன்வரிசை அம்மா சொல்கிறார்கள்: "பூரணம் வெச்சு மடிச்சு, ஓரத்துல இத உருட்டினா, ரெண்டு ஓரமும் சேந்து ஒட்டிக்கும். ஒட்டலன்னா எண்ணெயில பூரணம் பூரா கொட்டிப்பூடும்."

சேர்ந்து ஒட்டிக்கொள்ளுமா? கேளுங்கள் தாய்மார்களே. என் அச்சகத்தில் இந்தப் பல் ஒன்றை இரண்டாகப் பிரித்தது. உங்கள் அடுப்படியில் இதே பல் இரண்டை ஒன்றாகச் சேர்க்கிறது. சேர்க்கப் பிறந்ததைப் பிரிக்கப் பழக்கியவன் யார்? நான். டிக்கெட்டைப் பிரித்தேன், அது தொழில். இரண்டு வீட்டைப் பிரித்தேனே, அது என்ன? ஓராண்டாக ஒரு பெண்மணி எங்கள் வாசலைத் தலைகுனிந்து கடந்து போனாரே, அந்தக் குனிவை எந்த மையால் நான் திருத்துவேன்? வெட்கமாக இருக்கிறது. ரத்னம்மா அவர்களே, நீங்கள் ஜன்னலில்தான் வைத்தீர்கள். எடுத்தவன் நான். இருநூறு பேர் கேட்கச் சொல்கிறேன், எடுத்தவன் நான்.

தபீதாள் எழுந்துவிட்டார். மேடைக்கு வருகிறார் என்று ஒதுங்கினேன். இல்லை, பின்னால் போகிறார். முதல் பெஞ்சு, இரண்டாம் பெஞ்சு, பத்தாவது பெஞ்சு. ஏதோ சொல்கிறார், எனக்குக் கேட்கவில்லை. ரத்னம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதுவும் நியாயம்தானே. ஓர் ஆண்டை ஒரு நிமிடத்தில் எப்படி மறப்பது?

இப்போது ரத்னம்மா எழுகிறார். வெளியே போகிறாரா? இல்லை. இருவருமாக இங்கே வருகிறார்கள். ரத்னம்மா அவர்களே, முதலில் உங்கள் கையில்தான் தர வேண்டும், பிடியுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். "பல்லெல்லாம் மை. இத அப்படியே மாவுல வெச்சா புள்ளைங்க என்னா துன்றது?" என்கிறார்கள். தபீதாளைப் பார்த்து, ஓராண்டுக்குப் பிறகு முதல் வார்த்தை: "ஏமே, வீட்ல கிருஷ்ணாயில் இருக்குதா?"

இருக்கிறது. அச்சகத்தில் ஒரு டின் நிறைய மண்ணெண்ணெய் இருக்கிறது. மையைப் போக்குவது ஒன்றுதான் இந்த அவையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம். கழுவி, சோப்பு போட்டு, வெந்நீர் ஊற்றிக் கொண்டு வருகிறேன். அதற்கு முன் நான் எடுத்த 'மதி'யை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறேன். அடுத்துப் பேசுபவர், திருமதி தபீதாள் அசரியா. பக்கத்தில் நின்று மாவைத் தேய்ப்பவர், திருமதி ரத்னம்மா. தவறான மேடையில் என்னைப் பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கு நன்றி, தலைவர் அவர்களுக்கு நன்றி, ஜன்னலில் வைத்தவருக்கு என் வணக்கம்.