நாலு மாடியும் ஒரு குழம்புச் சட்டியும்

...செய்தின்னா என்னன்னு இவ்வளவு நேரம் பேசிட்டேன். பின்வரிசையில ரெண்டு பேருக்குக் கொட்டாவி வந்துடுச்சு. அதனால இப்ப ஒரு சின்னக் கதையை அவிழ்த்து விடுறேன். கதைன்னதும் பொய்னு நினைச்சுடாதீங்க. இதுல பொய்யா வந்த பகுதி செய்தி மட்டும்தான்!

நம்ம அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஜெபக்கனி அக்கா சாப்பாட்டுக் கடை. தெரியாதவங்க கையைத் தூக்குங்க... ஒருத்தரும் தூக்கல. எப்படித் தூக்குவீங்க? அந்தக் கோழிக்குழம்பு வாசம் இன்னும் கையில இருக்குமே!

போன மாசியில் அந்தக் கடைக்கு ஒரு கேமரா வந்தது. 'நாற்றிசை' குழுமத்தின் கேமரா. டிவி, ரேடியோ, பேப்பர், இணையதளம் எல்லாம் வைத்திருக்கிற, நாடு முழுக்கக் கிளை பரப்பிய பெரிய இடம். அந்தப் பேரைப் பாதியில நிறுத்தி உச்சரிக்காதீங்க, வேற மாதிரி கேட்கும்... அப்புறம் என்மேல கேஸ் போட்டுடுவாங்க! வந்தவர்கள் 'ஊர் ருசி' நிகழ்ச்சிக்காக அக்காவின் நீலச் சுவரைப் படம் எடுத்தார்கள். அடுப்பை எடுத்தார்கள். அக்கா கரண்டி பிடித்துக் கிண்டுவதை எடுத்தார்கள். தொகுப்பாளர் ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடி, "ஆஹா..." என்றார். ஒளிபரப்பினார்கள். ஊரே பெருமைப்பட்டது.

எட்டு மாசம் போச்சு. வேறொரு மாவட்டத்தில், வேறொரு ஹோட்டலில், கெட்டுப்போன கோழியைச் சாப்பிட்டு முப்பது பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பெரிய செய்தி. ஆனால் அங்கே நாற்றிசைக்குக் கேமரா இல்லை. படம் இல்லாமல் டிவியில் செய்தி வாசிக்க முடியுமா? ஒருத்தர் பழைய படக் கிடங்கில் 'கோழி, கடை, சமையல்' என்று தட்டித் தேடினார். முதலில் வந்து நின்றது யாரு? நம்ம ஜெபக்கனி அக்கா!

'ஆஹா'வை வெட்டினார்கள். கரண்டியை வைத்துக்கொண்டார்கள். மூலையில் 'கோப்புக் காட்சி' என்று எழுதினார்கள்... எறும்பு கண்ணாடி போட்டுத்தான் படிக்கணும், அவ்வளவு பெரிய எழுத்து!

டிவியிலிருந்து அந்தப் படத்தை இணையதளம் எடுத்தது. இணையதளத்திலிருந்து பேப்பர் எடுத்தது. காலையில் ரேடியோ சொன்னது, "படத்தோட விவரம் நம்ம நாளிதழ்ல பாருங்க நேயர்களே!"

அன்றைக்கு மத்தியானம் அக்கா கடையில் நாற்பது இலை போட்டிருந்தார். உட்கார்ந்தவர் மூன்று பேர். மூவரும் வெளியூர்க்காரர்கள்.

மறுநாள் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு அக்கா திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார். ஒரே கட்டடம், நாலு மாடி. முதல் மாடி, டிவி.

"தம்பி, இது என் கடைப்பா."

"நாங்க உங்க பேரைச் சொல்லவே இல்லையே மேடம்?"

"பேரைச் சொல்லல... முகத்தைக் காட்டிட்டீங்களேய்யா!"

"இணையதளத்துல கேளுங்க, மேல."

இரண்டாம் மாடி, இணையதளம். "பேப்பர்லயே வந்துடுச்சேக்கா. விசாரிக்காமலா போட்டிருப்பாங்க?"

மூன்றாம் மாடி, பேப்பர். "டிவியில, நெட்ல, ரேடியோவுல எல்லாம் வந்திருக்கும்மா. நாலு பேரும் ஒண்ணாவா தப்புப் பண்ணுவாங்க?"

நாலாம் மாடி, ரேடியோ. "ஐயோ அக்கா, எங்ககிட்ட படமே கிடையாது! ரேடியோவுல உங்க அடுப்பை எப்படிக் காட்டுவோம்?"

அக்கா அங்கேயே நின்று கேட்டார்: "உங்கள்ல யாராவது என் கடைக்கு வந்திருக்கீங்களா?"

டீ குடிக்க மேலே வந்திருந்த டிவி கேமராக்காரர் ஒருத்தர் மூலையிலிருந்து கை தூக்கினார். "நான் வந்தேன்க்கா. குழம்பு ரெண்டு தடவை வாங்கி ஊத்திக்கிட்டேன்."

"அப்போ நீயே சொல்லேன்யா இவங்ககிட்ட!"

"நான் படம் பிடிக்கிறவன்க்கா. பேசுறது வேற டிபார்ட்மென்ட்."

சிரிக்கிறீங்க. எனக்கு வயிறு எரியுது! நாலு மாடி ஏறி இறங்கிய அக்காவுக்கு என்ன கிடைத்தது? ஒன்பதாம் பக்கத்தில், டெண்டர் விளம்பரத்துக்குக் கீழே ஒரு வரி: 'வெளியான படம் மாதிரிக்காக மட்டுமே. சிரமத்திற்கு வருந்துகிறோம்.' யாருக்குச் சிரமம்? எழுதலை! எந்தக் கடை? எழுதலை! கெடுக்கும்போது முகம் தேவைப்பட்டது, வருந்தும்போது மட்டும் முகம் மறந்துபோச்சு!

உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து சோதித்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காகிதத்தை அக்கா கடைக் கண்ணாடியில் ஒட்டினார். ஊர்க்காரங்க நின்று படித்தார்கள்... படித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு கடையை மூடப்போவதாக அக்கா சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான் கதை. நாற்றிசையை நான் திட்டுவேன், நீங்க கை தட்டுவீங்கன்னு பார்க்குறீங்களா? திட்டத்தான் வேணும். நாலு வாய் வச்சுக்கிட்டு, நாலு சாட்சின்னு கணக்குக் காட்டுற பித்தலாட்டம் அது! இனிமே 'எல்லாத்துலயும் வந்துடுச்சே'ன்னு யாராவது சொன்னா, 'நேர்ல பார்த்தது யாரு?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

ஆனா அந்த நாலு மாடியில அக்கா குழம்பை ருசி பார்த்தவர் ஒரே ஒருத்தர். இந்த ஹால்ல எத்தனை பேரு? பதினோரு வருஷமா சாப்பிட்டோமே... ஒருநாளாவது வயித்தைப் பிடிச்சோமா? டிவி சொன்னதும் நம்ம நாக்கையே நாம நம்பலையே! அந்த வீடியோவை நம்ம தெரு குரூப்ல போட்டது யாரு? அவங்களா? நாம!

அவங்க ஒழுங்கா ஒரு மறுப்புப் போடலைன்னு கத்துறோம். சரி, நம்ம மறுப்பு எங்கே? இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஞாயிறையும் சேர்த்து இன்னும் ரெண்டு மத்தியானம் இருக்கு. நம்மகிட்ட டிவி இல்ல, பேப்பர் இல்ல. வாய் இருக்கு. அது பேசுறதுக்கு மட்டுமா?

போய் உட்கார்ந்து... சாப்பிடுங்க!