மாதவியின் முகம்

“இந்தப் பூச்சி ஏன் முகத்த மட்டும் சாப்பிடுது?” என்று தாமரை ஒருமுறை கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளை. வீட்டிலிருந்த பெரியவர்கள் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

பூச்சி என்றால் இராமபாணம். வெள்ளி நிறத்தில், காகிதத்தை அரித்துத் தின்பது. மலேசியாவில், எங்கள் கிள்ளானில், வெள்ளம் ஏறி இறங்கிய வீடுகளில் அதற்குக் குறைவில்லை. எங்கள் ஹாலில் அது தின்றது, என் கணவர் முகுந்தனின் முதல் மனைவி மாதவியின் படத்தை. அவள் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள், தாமரையைப் பெற்றதும் கண்மூடிவிட்டாள். ஆல்பத்தையும் பழைய போனையும் வெள்ளம் கொண்டுபோனபின், அவள் முகம் அந்த ஒரு படத்தில்தான் இருந்தது.

எங்களோடு இருக்கும் நாத்தனார் லோகேஸ்வரி, “ஸ்பிரே அடிங்க லா அண்ணி. விட்டா பூச்சிக்கும் பூஜை போடுவீங்க போல,” என்றாள். வெள்ளிக்கிழமை கோயில், சனிக்கிழமை வீடெல்லாம் விஷம். இவர்களுடைய பக்தி அவ்வளவுதான். எனக்கு ஓர் உயிரைக் கொல்லக் கை வராது.

தாமரைக்குத் தலைவாரி, சாப்பாடு கட்டிக் கொடுப்பவள் நான். பள்ளிக்குக் கிளம்பும்போது “போயிட்டு வரேம்மா” என்று அவள் சொல்வது அந்தப் படத்திடம். நான் ஆன்டி.

அவளை நான் ஒருநாளும் அடித்ததில்லை. வாரம் ஒருமுறை சட்டத்தைக் கழற்றி, மாதவியின் முகத்தில் மட்டும் அரிசிக் கஞ்சியை மெலிதாகப் பூசினேன். பசித்த உயிருக்கு ஒரு வாய்.

முகம் முழுதும் போனதும் பிள்ளை சாப்பிடாமல் அழுதாள். மனசு கேட்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் படம் சீர்செய்யும் கடைக்குக் கொண்டுபோனேன்.

“முகமே இல்லையே ஆன்டி, எதப் பாத்து போடறது?” என்றார் கடைக்காரர்.

என் படத்தைக் கொடுத்தேன்.

“கூடப் பொறந்தவங்களா?”

பொய் சொல்லக் கூடாது என்பதால் புன்னகைத்தேன்.

புதுப் படத்தைப் பார்த்து முகுந்தன் கண் கலங்கினார். “அப்படியே மாதவி லா.” இத்தனை வருடம் சாம்பிராணி காட்டிய மனிதர். புகையைத்தான் பார்த்திருக்கிறார். நாத்தனாரும் தலையாட்டினாள்.

தாமரை மட்டும், “இது எங்கம்மா இல்ல,” என்றாள்.

“சும்மா இரு. ஒனக்கென்ன தெரியும்?” என்று அப்பாவும் அத்தையும் அதட்டினார்கள். நான்தான் அவளை அணைத்துக்கொண்டேன்.

இப்போது அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பள்ளிக்குப் போகிறாள். பழகிவிடும்.

உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டால் ஆயுள் குறையும் என்பார்கள். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மதியம், சட்டத்துக்குள்ளிருந்த என் முகத்துக்கு நானே மல்லிகை மாலை சாத்திக் கும்பிட்டேன். மாதவிக்கு நான் பட்ட கடன் அத்தோடு தீர்ந்தது.