நினைவுக்கு எத்தனை மார்க்

— மார்க்க வச்சி மனுசன வூட்டுக்குத் தூக்கிக்கினு போ சொல்றீங்களே டாக்டர் தம்பி, இது இன்னா பத்தாவது பரிச்சையா?

— அஞ்சலாட்சியம்மா, போங்கன்னு சொல்லல. யோசிங்கன்னுதான் சொன்னேன். பிரஷர், மூச்சு, கிட்னி, நினைவு, ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டுக் கூட்டுவோம். ஏற ஏற மோசம். உங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப ஏறிடுச்சு.

— காலைல பாத்த டாக்டரம்மா, கொறஞ்சிருக்கு, தேறிடுவாருன்னாங்களே சாமி! அதே கட்டிலு, அதே கோவிந்தராசு. மத்தியானத்துக்குள்ள உங்களுக்கு மட்டும் எப்பிடி ஏறும்?

— மத்ததெல்லாம் அப்பிடியேதாம்மா இருக்கு. நினைவுலதான் வித்தியாசம். மயக்க மருந்த நேத்தே நிறுத்தியாச்சு. கண்ணத் திறந்து என்னையே பாக்கறார். "கையப் புடிங்க"ன்னு காதுகிட்ட கத்தறேன், புடிக்கல.

— மூஞ்ச மூடிக்கினு கத்துனா அவருக்கு எப்பிடித் தெரியும்? வாயப் பாத்தாதான அவருக்குப் பேச்சே! காலைல அந்தம்மாவுக்கு மாஸ்க் கயிறு அறுந்து, வாய் தெரிஞ்சிது, புடின்னதும் புடிச்சாரு.

— இருங்க, இருங்க. அவருக்குக் காது கேக்காதா? சேர்க்கறப்ப கேட்டோமே, ஒரு குறையும் இல்லன்னீங்க!

— மில்லுல தறி ஓட்டுன ஆம்பள யாருக்குக் காது கேக்குது? முதலியார்பேட்டைல எங்க தெரு முழுக்க அப்பிடித்தான். அத ஒரு கொறைன்னு யாரு சாமி நெனச்சா? பாவி, நாந்தான் கெடுத்தேன். அவரக் கைவுட்ராதீங்க, உங்க கால்ல உழறேன்.

— ஐயோ, எழுந்திரிங்கம்மா. மாஸ்க்க நானோ நீங்களோ இங்க கழட்ட முடியாது, மத்த பேஷண்டுக்கெல்லாம் ஆபத்து. வேற வழி இருக்கா?

— கட்டி வச்சிருக்க கைய அவுத்துவுடுங்க. தறிச் சத்தத்துல நாங்க கையாலதான் பேசுவோம். நானும் அங்க நூல் சுத்தனவதான். என்னக் கட்டிக்கிறியான்னு அவரு கேட்டதே விரலாலதான் சாமி.

— வாயில இருக்கற மூச்சு டியூப்பப் புடுங்கிடுவார்னுதான் கட்டினோம். சரி, டியூப்ப நான் புடிச்சிக்கறேன். கேளுங்க.

— இந்தாய்யா! இங்க பாரு. நாந்தான். இன்னா பண்ணுதுன்னு கேக்கறேன், சொல்லு.

— அம்மா! கை அசையுது! பதில் சொல்றார், முழு நினைவோட இருக்கார்! நான் போட்ட மார்க் தப்பும்மா. இப்பவே மாத்திடறேன். வீட்டுக்கெல்லாம் போக வேணாம், இங்கயே பாத்துக்கலாம்... ஏம்மா அழறீங்க? மூச்சு மிஷினயே காட்டிக் காட்டி, உள்ளங்கையால வெட்டற மாதிரி... என்ன சொல்றார்?

— ஷிப்டு முடிஞ்சிடுச்சாம். அத நிறுத்தச் சொல்றாரு.